டியெங் ஒருநாள் சுற்றுலா: "எல்லாம் அடக்கம்" என்றால் உஷார்

இந்தோனேசியாவின் ஜோக்ஜகர்த்தாவில் இருந்து டியெங் பீடபூமிக்கு பிரைவேட் டூர் என்று யாரிடமாவது வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பொரோபுதூர் பௌத்தத் தூபி, பிரம்பனான் இந்துக் கோயில் இரண்டும் பார்த்தாயிற்று, அடுத்து என்ன என்று தேடினால் டியெங்தான் வந்து நிற்கும். ஜாவாவில் இன்றும் நிற்கிற கற்கோயில்களிலேயே பழமையானவை அங்கே இருக்கின்றன. ஏழு, எட்டாம் நூற்றாண்டுச் சிவன் கோயில்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், எரிமலை வாய்களுக்கு நடுவே, சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்கள். ஆசை வராமல் இருக்குமா?

ஏஜென்ட் எங்களுக்கு எழுதிக் கொடுத்தது இது: காலை 5 மணிக்கு ஹோட்டல் வாசலில் கார், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு, எல்லாம் அடக்கம் 18 லட்சம் ரூபியா, 12 மணி நேரம். பாதியை முன்பணமாக அனுப்பினோம். நான், கணவர், அம்மா மூவரும் ஐந்து மணியிலிருந்து வாசலில் நின்றோம். கார் வந்தது ஏழேகாலுக்கு. எங்களிடம் பேசியவர் வரவில்லை, வேறொரு ஓட்டுநர். வழிகாட்டி எங்கே என்று கேட்டால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அவருக்கு வந்த ஆங்கிலத்தில் முக்கால்வாசி "நோ ப்ராப்ளம் மேடம்".

இரண்டு மணி நேரத் தாமதம்தானே என்று தோன்றலாம். டியெங்கில் அதுதான் எல்லாமே. மகெலாங், தெமங்குங், வொனொசொபோ வழியாக ஒரு பக்கமே மூன்றரை மணி நேரம் மலைப்பாதை. மேலே காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், மதியம் தாண்டினால் பெரும்பாலும் பனிமூட்டம் இறங்கிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இருட்டிலேயே கிளம்புகிறார்கள்.

நேராகப் போயிருந்தாலாவது பதினொன்றுக்குள் சேர்ந்திருப்போம். முதலில் ஒரு பாத்திக் துணிக்கடை. அப்புறம், பொரோபுதூர் பக்கம் ஒரு லுவாக் காபித் தோட்டம். புனுகுப்பூனை தின்று வெளியேற்றிய கொட்டையில் போடும் காபி அது. கூண்டுக்குள் பாவம் ஒரு பூனை சுற்றிச் சுற்றி வந்தது. நாங்கள் உள்ளே நுழையும்போதே வாசலில் இருந்த பெண் எங்கள் காரின் நம்பரைப் பார்த்து ஒரு நீள நோட்டில் எழுதி, பக்கத்தில் "3" என்று போட்டார். அந்தப் பக்கம் முழுக்க இப்படியே வண்டி நம்பரும் தலைக்கணக்கும்தான். கிளம்பும்போது அதே நோட்டில் ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை என்பதால் அதற்குப் பிறகு அவர் முகம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அடக்கம் என்ற மதியச் சாப்பாடு, பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கும் ஒரு பஃபே கடையில் எங்கள் காசில் முடிந்தது. அம்மா அங்கே எதையும் தொடவில்லை. வொனொசொபோவில் சாலையோரம் சுடச்சுடக் கிடைத்த தெம்பே கெமுல் (புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயை மாவில் தோய்த்துப் பொரிப்பது) சாப்பிட்டுத்தான் பசியாறினார். அன்றைக்கு உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

டியெங் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அர்ஜுனா கோயில் வளாகத்தில் பத்தடி தள்ளி நின்ற கோபுரம் தெரியவில்லை. ஸ்ரீகண்டி கோயிலின் வெளிச்சுவரில் வடக்கே விஷ்ணு, கிழக்கே சிவன், தெற்கே பிரம்மா இருப்பதாக நான் முன்பே படித்து வைத்திருந்தேன். மூக்கு உரசும் தூரத்துக்குப் போய்த்தான் பார்க்க முடிந்தது. "வழிகாட்டி" காரிலேயே தூங்கிவிட்டார். நுழைவுச்சீட்டுக்கும் நாங்களே பணம் கொடுத்தோம்.

அடுத்து சிகிடாங் எரிமலை வாய் என்றதும், "க்ளோஸ்டு மேடம், கேஸ்" என்றார். ஆனால் நாங்கள் போன சமயத்தில் அர்ஜுனா வளாகத்துக்கும் சிகிடாங்குக்கும் ஒரே சீட்டு, அது என் கையில் இருந்தது. கணவர் கவுண்டருக்கே திரும்பிப் போய்க் கேட்டார். திறந்துதான் இருக்கிறது என்றார்கள். அதைச் சொன்னதும் ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்தார்.

எனக்கு மன்னிக்கவே முடியாமல் போனது இந்தப் பொய்தான். டியெங்கில் விஷவாயு நிஜமான ஆபத்து. 1979 பிப்ரவரியில் சினிலா பகுதியில் வெளியேறிய கரியமில வாயுவால் 140 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக ஒருவர் வாயுவைச் சாக்குச் சொன்னால், நாளைக்கு நிஜமாகவே மூடியிருக்கும்போது யார் நம்புவார்கள்? இந்தோனேசிய அரசின் எரிமலைத் துறை "மாக்மா இந்தோனேசியா" என்ற தளத்தில் ஒவ்வொரு எரிமலையின் நிலவரத்தையும் போடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள், ஓட்டுநர் வாயைப் பார்க்காதீர்கள்.

சிகிடாங்கில் மரப்பாலத்தில் நடந்து, கொதிக்கிற சேற்றைப் பார்த்தோம். கந்தக நெடியில் அம்மாவுக்குத் தொண்டை கமறியது. நிறம் மாறும் ஏரி தெலாகா வர்ணா பட்டியலில் இருந்தது, போகவில்லை. பீமா கோயில் அதே சாலையோரம்தான், அதற்கும் நிறுத்தவில்லை. மாமல்லபுரத்து ரதங்களில் கூடுகளுக்குள் இருந்து முகங்கள் எட்டிப் பார்க்குமே, அதே மாதிரி பீமா கோயிலின் மேல்தளங்களில் வரிசையாக முகங்கள் உண்டு. அத்தனை தூரம் போய், கார் கண்ணாடி வழியே ஒரு கறுப்பு நிழலாக அது கடந்து போனதைத்தான் பார்த்தேன்.

இரவு ஒன்பதேகாலுக்கு ஹோட்டல் வாசல். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஓவர்டைம் 4 லட்சம் என்றார். இங்கே காரும் ஓட்டுநரும் சேர்த்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதும், கூடினால் தனிக்காசு கேட்பதும் வழக்கம்தான். ஆனால் அவர் எண்ணியது காலை 5 மணியிலிருந்து! வண்டியே வராத நேரத்துக்கும் வாடகை. கடைகளில் நின்ற நேரமும் எங்கள் கணக்கில்தான். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பையன் வெளியே வந்து ஜாவா மொழியில் ஏதோ சத்தமாகப் பேசிய பிறகு ஒன்றரை லட்சத்தில் முடிந்தது. நம் ரூபாயில் பெரிய தொகை இல்லை. போனது டியெங்கின் ஒரு காலைப்பொழுது, அதற்கு விலை போட முடியவில்லை.

போவதாக இருந்தால், முடிந்தவரை டியெங் கிராமத்திலேயே ஒரு ராத்திரி தங்குங்கள். ஹோம்ஸ்டேக்கள் நிறைய, ஜூலை, ஆகஸ்டில் மட்டும் குளிருக்குத் தயாராகப் போங்கள், சில விடியல்களில் புல்லில் உறைபனியே படியும். காலையில் கோயில்களுக்கு நடந்தே போய்விடலாம். ஒரே நாளில்தான் முடியும் என்றால், கிளம்பும் நேரம், ஓவர்டைம் எப்போதிலிருந்து எண்ணப்படும், வழியில் எந்தக் கடையிலும் நிறுத்தக்கூடாது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கணக்குக்கு நேராக முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். எங்கள் ஏஜென்ட் மறுநாளே என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டார். கணவரின் போனில் பார்த்தால் அதே நம்பர் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது, முகப்பில் நல்ல வெயிலில் அர்ஜுனா கோயில், கீழே "எல்லாம் அடக்கம்". கிளம்பும் நேரம் மட்டும் எங்கேயும் இல்லை.