தம்பலகாமம் நெல் ஆலையின் கொள்முதல் தளம்: தராசு நேர், காசு தாமதம்

வெட்டு மெசின் கொட்டும் நெல்லில் பெரும்பாலும் 18 முதல் 24 வீதம் வரை ஈரம் இருக்கும். காயப்போடக் களம் உள்ளவர்கள் மிகச் சிலர். ஈர நெல்லைச் சாக்கில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் சூடேறி அரிசி மஞ்சளாகிவிடும். வயல்காரரின் இந்த அவசரத்தை அறிந்த வியாபாரி நிறையில் தன் இஷ்டத்துக்குக் கழிவு பிடிக்கலாம், பிடிக்கவும் செய்கிறார்கள். அதனால் ஒரு ஆலையை மதிப்பிட விலைப்பலகை மட்டும் போதாது. கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவையும் நெல் கொட்டப்படும் முன்பே விற்பவர் சரிபார்க்க முடிய வேண்டும். கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் தம்பலகாமம் வயல்வெளியை ஒட்டி இயங்கும் நடுத்தர ஆலை ஒன்றின் கொள்முதல் தளத்தை இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறோம்.

முதலில் தராசு. இங்கே நிறுப்பதில் மூடைக் கணக்கே கிடையாது, எல்லாம் கிலோதான். மின்தராசின் திரை விற்பவர் பக்கம் திரும்பியிருக்கிறது. அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் இவ்வாண்டு முத்திரையும் அதில் உண்டு. 20 கிலோ படிக்கல் ஒன்று பக்கத்திலேயே கிடக்கிறது. கேட்டால் வைத்துக் காட்டுகிறார்கள். வைத்துப் பார்ப்பவர்கள் நடுவில் மட்டும் வைக்காமல் தட்டின் நான்கு மூலையிலும் வையுங்கள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, அடியில் நெல் சிக்கியிருந்தாலோ மூலைக்கு மூலை எண் மாறும்.

சாக்குக் கழிவில்தான் இந்த ஆலை மற்றவர்களை விட மிக நன்றாக நடக்கிறது. வெறும் உரப்பை பத்தை ஒன்றாக நிறுத்து, பத்தால் பிரித்து, அதையே கழிக்கிறார்கள். ஒரு உரப்பை 150 கிராம் என்று வையுங்கள். வெளியே சிலர் பிடிப்பதுபோல மூடைக்கு 2 கிலோ பிடித்தால் நூறு மூடையில் 185 கிலோ நெல் சும்மா போகிறது. 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நாட்டு நெல் விலையான கிலோ 120 ரூபாவில் அது 22,200 ரூபா. ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகையல்ல.

ஈரப்பதத்துக்கு வருவோம், சண்டை அதிகம் வருவது இங்கேதான். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை அறிவித்த விலைக்கு ஏற்கும் உச்ச அளவு 14 வீதம். இந்த ஆலையும் அதையே அடிப்படையாக வைத்திருக்கிறது. குத்தூசியால் மேல், நடு, அடி என்று பல மூடைகளில் எடுத்து, கலந்து, மூன்று முறை அளந்து சராசரி போடுகிறார்கள். சரியான முறை. வெயிலில் நின்ற உழவு மெசின் பெட்டியில் மேலே உள்ள நெல் காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும், ஒரு கைப்பிடியை வைத்து முடிவு செய்வது இரு பக்கத்துக்கும் அநியாயம். வெயிலில் சூடான நெல்லை உடனே அளந்தால் கருவி பிழையான எண்ணைக் காட்டும். அதனால் மாதிரியைக் கொஞ்ச நேரம் நிழலில் ஆறவிடச் சொல்லுங்கள், இங்கே மறுப்பதில்லை.

கழிக்கும் கணக்கும் சுவரில் ஒட்டியிருக்கிறது. அளந்து வந்த ஈர வீதத்தை நூறிலிருந்து கழித்து, அதை 86 ஆல் (நூறில் 14 போன மீதி) பிரித்து, நிறையால் பெருக்க வேண்டும். 1000 கிலோ நெல்லில் 18 வீத ஈரம் என்றால் 82ஐ 86 ஆல் பிரிக்க, 953.5 கிலோவுக்குக் காசு. 20 வீதம் என்றால் 930 கிலோ. ஒரு வீத ஈரத்துக்கு நூறு கிலோவில் ஒரு கிலோ கழித்தால் போதும் என்று வயல்காரர் பலர் வாதிடுகிறார்கள். உண்மையில் அது 1.16 கிலோ, ஆலை சொல்வதே சரி. ஆனால் அதே ஒரு வீதத்துக்கு 2 கிலோ பிடிக்கும் வியாபாரியிடம் அந்த 18 வீத நெல்லுக்கு 920 கிலோதான் கணக்கில் ஏறும். அதே 120 ரூபா விலையில் டன்னுக்கு 4,000 ரூபாவுக்கு மேல் நட்டம். உலர்த்தும் கூலியை இந்த ஆலை பற்றுச்சீட்டில் தனியாக எழுதுகிறது. இறக்கு கூலி ஆலையின் செலவு.

சப்பிக்கு, அதாவது அரிசி பிடிக்காத பதருக்கு, மட்டும் இந்த ஒழுங்கு இல்லை. உள்ளங்கையில் நெல்லைப் போட்டு ஊதிப் பார்த்துவிட்டு “மூடைக்கு ஒரு கிலோ” என்கிறார் மேற்பார்வையாளர். அவருடைய கண் பழகிய கண்ணாக இருக்கலாம், ஆனாலும் விற்பவரால் அதைச் சரிபார்க்க வழியில்லை. அரைக் கிலோ மாதிரியைச் சுளகில் புடைத்து, பிரிந்த சப்பியைக் கிராம் தராசில் வைத்தால் விஷயம் முடிந்தது: 40 கிராம் வந்தால் 8 வீதம். ஐந்து நிமிட வேலை. ஈரத்துக்கு இவ்வளவு கவனம் எடுப்பவர்கள் இதை விட்டுவைத்திருப்பது ஏற்க முடியாத குறை.

அதைவிடப் பெரிய குறை காசு. பற்றுச்சீட்டில் ஏழு நாள் என்று இருக்கும். பெரும்போக அறுவடை உச்சத்தில் அது மூன்று கிழமைக்கு இழுபடுகிறது. காரணம் விளங்காததல்ல: வருடம் முழுக்க அரைக்க வேண்டிய நெல்லைச் சில கிழமைகளுக்குள் வாங்க வேண்டும், அரிசியோ மொத்த வியாபாரிகளுக்குக் கடனில் போகிறது. ஆனால் அந்தச் சுமையை நெல் தருபவர் தலையில் இறக்கினால், ஆலை அவரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குகிறது என்றுதான் பொருள். வெட்டு மெசின்காரர் வரம்பில் நின்றே காசு கேட்கிறார். அடகு வைத்த நகைக்கு வட்டி ஓடுகிறது. காசு தாமதமாகும் ஆலையைத் தவிர்த்து, கிலோவுக்கு ஐந்து ரூபா குறைத்தாலும் கையில் காசு தரும் தரகரிடம் வயல்காரர் போவது இதனால்தான். பாதியை அன்றே கொடுத்து, மீதிக்குத் திகதி எழுதி, திகதி தப்பினால் வட்டி சேர்ப்பது என்று ஆலை ஒரு விதி வைத்தால், தரமான நெல் தானாக வாசலுக்கு வரும்.

விதைநெல்லுக்கு ஆலை தரும் முற்பணம் பற்றி ஒரு வார்த்தை. விதைக்கும்போதே விற்பனை விலையைக் கட்டிப்போடும் வழக்கம் இங்கே இல்லை. கொண்டுவரும் நாளின் விலையே கொடுக்கிறார்கள், முற்பணம் அதிலிருந்து கழிகிறது. நெல்லை வேறிடத்தில் விற்றுவிட்டுக் காசாகக் கட்டவும் விடுகிறார்கள். இதை மனதாரப் பாராட்டுகிறோம்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன் போய்ச் சேருங்கள். பின்னேரம் அல்லை, மூதூர்ப் பக்கத்துத் தரகர் லொறிகள் வந்து வரிசை நீண்டுவிடும். இலக்கச் சீட்டு இருந்தும் சிறு பெட்டிக்காரர் இரவில் காத்திருக்க நேர்கிறது. சம்பாவையும் நாட்டு நெல்லையும் ஒரே பெட்டியில் ஏற்ற வேண்டாம், கலந்தது தெரிந்தால் முழுவதையும் குறைந்த விலையில்தான் எடுப்பார்கள். பற்றுச்சீட்டில் மொத்த நிறை, சாக்கு, ஈரம், சப்பி, உலர்த்தும் கூலி, காசு தரும் திகதி ஆறும் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியைக் கவிழ்க்க விடுங்கள். திகதி இடம் வெறுமையாக இருந்தால் அங்கேயே நிரப்பக் கேளுங்கள். கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்.