லரேடோவில் ஒரு லோக்கல் எஸ்இஓ ஏஜென்சி: ஆங்கிலத்துக்குப் பாஸ், ஸ்பானிஷுக்கு ஃபெயில்

டெக்சாஸ் மாநிலம் லரேடோவில், மெக்சிகோவிலிருந்து பாலம் தாண்டி வரும் சரக்கை இறக்கி வேறு லாரியில் ஏற்றி ஐ-35 நெடுஞ்சாலை வழியாக வடக்கே அனுப்புகிற கிடங்கு எங்களுடையது. கூகுளில் தேடுகிறவர் கண்ணில் நாங்கள் படுவதே இல்லை என்பதால் ஒரு லோக்கல் எஸ்இஓ ஏஜென்சியை, அதாவது உள்ளூர்த் தேடல்களில் நம்மை மேலே வரவைக்கிற ஆட்களை, மாதச் சந்தாவுக்கு அமர்த்தினோம். வெளியூர்க்காரர்கள், பெயர் வேண்டாம். எல் பாசோ, மெக்காலன் மாதிரி எல்லை ஊர்களில் தொழில் செய்கிறவர்கள் இப்படி ஒருவரிடம் காசு கொடுக்கும் முன் படித்துவிட்டுக் கொடுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடந்த தப்பான பதிவுகளைத் துப்புரவு செய்த வேலையில் குறையே சொல்ல முடியாது. ஆபீஸ் மாறிய பிறகும் பழைய முகவரியும் பழைய போன் நம்பரும் எங்கெங்கோ டைரக்டரிகளில் கிடந்தன, கூகுள் மேப்பில் எங்கள் பெயரில் இன்னொரு போலிப் பதிவு வேறு இருந்தது. எல்லாவற்றையும் தேடிப் பிடித்துச் சரிசெய்தார்கள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் முதன்மை வகை வெறும் வேர்ஹவுஸ் என்று இருந்ததை ஃபிரெயிட் ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்பும் சேவை) என்று மாற்றியதிலேயே ஆங்கிலத்தில் தேடி வருகிற அழைப்புகள் கூடின. எங்கள் மேனேஜர், கம்பெனி பெயரோடு 'லரேடோ கிராஸ்டாக் டிரக்கிங்' என்று தேடல் சொற்களை ஒட்டிவிடலாமே என்று கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது சரியான பதில்தான். போர்டில் என்ன பெயரோ அதுதான் ப்ரொஃபைலிலும் இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி, மீறினால் ப்ரொஃபைலையே முடக்கலாம்.

இனி ஸ்பானிஷ் பக்கம்.

இந்த ஊர் எப்படிப்பட்டது என்று ஏஜென்சிக்குத் தெரியவே இல்லை. 2020 கணக்கெடுப்பில் இங்கே சுமார் 2.55 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய 95 சதவீதம் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர். எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் நுவேவோ லரேடோ. சரக்கு லாரிகள் வேர்ல்ட் டிரேட் பாலத்திலும் கொலம்பியா பாலத்திலும் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். இப்படி ஒரு இடத்தில் ஸ்பானிஷ் வாடிக்கையாளரை ஏனோதானோ என்று சமாளிக்க முடியுமா? அதைத்தான் செய்தார்கள். ஆங்கிலப் பக்கங்களை மெஷினில் போட்டு மொழிபெயர்த்து, அதே யூஆர்எல்லில் (வலை முகவரியில்), வருகிறவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று காட்டும் ஐபி முகவரியைப் பார்த்து மொழி தானாக மாறுகிற மாதிரி வைத்துவிட்டார்கள். வலைப்பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் கூகுள் பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வரும், ஆகவே ஸ்பானிஷ் பக்கம் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஸ்பானிஷுக்குத் தனி யூஆர்எல், எந்தப் பக்கம் எந்த மொழி என்று கூகுளுக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பு, ஆளே மொழியை மாற்றிக்கொள்ள ஒரு லிங்க், இவ்வளவுதான் வேண்டியது. இதைச் செய்யாததற்கு அவர்களிடம் பதிலும் இல்லை. மெக்சிகோவின் மான்டெர்ரேயில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் படிக்க விரும்பும் மேனேஜரும் உண்டு, லரேடோவிலேயே பிறந்து ஸ்பானிஷில் மட்டும் தேடுகிற டிரைவரும் உண்டு. ஐபியை வைத்து இவர்களை எப்படிப் பிரிப்பீர்கள்?

மொழிபெயர்ப்பு அதைவிட மோசம். கிடங்குக்கு இங்கே எல்லோரும் போதேகா என்றுதான் சொல்வார்கள், பக்கத்தில் முழுக்க அல்மாசேன் என்று இருந்தது. பாலம் தாண்டுகிற குறுந்தூர லாரி வேலைக்கு இரண்டு மொழிக்காரர்களும் டிரான்ஸ்ஃபர் என்பார்கள், அந்தச் சொல் தளத்தில் எங்குமே இல்லை. எங்கள் சுங்க புரோக்கர் பிரிவை 'அஹென்தே அதுவானால்' என்று போட்டதுதான் உண்மையான தலைவலி. அது மெக்சிகோ அரசு உரிமம் பெற்றவர் செய்யும் வேலை, எங்களிடம் இருப்பது அமெரிக்கச் சுங்க உரிமம். மெக்சிகோ பக்கத்து அனுமதி வேலைக்காக ஆட்கள் அழைத்து அழைத்து, எங்கள் ஆபீஸ் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாதாமாதம் வரும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். வரைபடத்தில் கட்டம் கட்டி, எந்த இடத்தில் நின்று தேடினால் எத்தனையாவதாக வருகிறோம் என்று பச்சை சிவப்புப் புள்ளிகள். அந்தக் கட்டம் ஆற்றங்கரையோடு நின்றுவிடும்! எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் பாதிப்பேர் அந்தக் கரையிலும் அதற்குத் தெற்கேயும் இருக்கிறார்கள். மேப் முடிவுகளுக்குக் கூகுள் பார்ப்பது பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றும் என்று அதுவே சொல்கிறது. மான்டெர்ரேயிலிருந்து 'போதேகா என் லரேடோ' (லரேடோவில் கிடங்கு) என்று அடிக்கிறவருக்கு எங்கள் தெரு எத்தனை மைல் என்பது ஒரு பொருட்டே இல்லை, அவரைப் பிடிக்க நல்ல ஸ்பானிஷ் வலைப்பக்கம்தான் வேண்டும்.

போன் நம்பரும் அப்படித்தான். 956 என்ற எங்கள் ஊர்க் குறியீட்டோடு உள்ளூர் பாணியில் போட்டிருந்தார்கள், மெக்சிகோ போனிலிருந்து தொட்டால் அழைப்பு போகாது, முன்னால் +1 வேண்டும். வாட்ஸ்அப் லிங்க் கேட்டதற்கு அமெரிக்காவில் அதெல்லாம் யார் பயன்படுத்துகிறார்கள் என்றார்கள். நாங்களே போட்டுக்கொண்டோம். இப்போது ஸ்பானிஷ் விசாரணைகளில் முக்கால்வாசி அதன் வழியாகத்தான்.

விமர்சனம் எழுதுகிறவருக்குக் கிஃப்ட் கார்டு கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார்கள். கூகுள் கொள்கைப்படி அது கூடாது. நல்லபடியாக எழுதினால்தான் பரிசு என்றால் 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த எஃப்டிசி (அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு) விதிப்படியும் தடை. ஸ்பானிஷ் விமர்சனங்களுக்கெல்லாம் ஒரே ஆங்கில நன்றியை ஒட்டிவிட்டுப் போனது இன்னும் கடுப்பு.

டவுன்டவுனில் துணிக்கடை, பெர்ஃப்யூம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பாதி வியாபாரம் பாலம் நடந்து வருகிறவர்களால். 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் வரை அவசியமற்ற தரைவழிப் பயணத்துக்கு எல்லை மூடியிருந்தபோது அந்தத் தெருக்கள் என்ன பாடு பட்டன என்று எல்லோருக்கும் தெரியும். ப்ரொஃபைலில் விசேஷ நாட்களுக்கான கடை நேரம் போடும்போது தேங்ஸ்கிவிங் மட்டும் போதாது, புனித வாரம், நவம்பரில் மெக்சிகோவின் புவென் ஃபின் தள்ளுபடி நாட்கள் இவற்றுக்கும் போடச் சொல்லுங்கள். இந்த ஏஜென்சி தானாகச் செய்யாது.

சரி, மொத்தத்தில் 5க்கு 2.5. துப்புரவு வேலைக்கு ஒருமுறைக் கட்டணம் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம், மாதச் சந்தா வேண்டாம். ஸ்பானிஷை ஊரில் வளர்ந்த ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். அப்புறம் ப்ரொஃபைலின் முதன்மை உரிமையாளர் நீங்களாகவே இருங்கள், ஏஜென்சிக்கு மேனேஜர் அனுமதி போதும். எங்கள் விஷயத்தில் அவர்கள் தங்கள் பெயரில் வைத்திருந்தார்கள், கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினோம். புதிதாகச் சேர்க்கப்படும் உரிமையாளருக்கு எல்லா வசதியும் திறக்க 7 நாள் ஆகும், அதனால் சந்தாவை நிறுத்துவதற்கு முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள்.