காகித மாமூத்தும் காசிமேட்டுக் காற்றும்: மூன்று வருஷ அனுபவம்

2022 பொங்கல் லீவில் அக்கா பையனுக்காக ஆரம்பித்தது. மேஜையில் கட்டம் போட்டு, பகடை உருட்டி வேட்டையாடும் விளையாட்டு. அதற்கு மாமூத் (பனியுகத்து ரோம யானை), வாள்பல் பூனை, டைனோசர் எல்லாம் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கும் காசில் காகிதத்தில் ஒரு மந்தையே நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் வீடு காசிமேட்டில், கடலுக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

செய்முறை எளிது. படத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் தலையோடு தலை முட்டும்படி அச்சடித்து, நடுவில் மடித்து ஒட்டி, வெட்டி நிறுத்த வேண்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மடிப்புக் கோட்டை ஒரு முறை கீறிவிட்டால் அட்டை வெடிக்காமல் மடியும். அட்டை வாங்கியது ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) எடுத்தது என் தப்பு. மடித்த பிறகு அதை வெட்டினால் விரல் வலிக்கிறது, பூனையின் கோரைப்பல் பிளேடோடு போய்விடுகிறது. இப்போது 200தான். பல், தந்தம், வால் எல்லாவற்றையும் சுற்றி 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, ஓரத்தில் கறுப்பு மார்க்கர் ஓட்டிவிடுகிறேன்.

என்னை அதிகம் படுத்தியது பசை. முதலில் போஸ்டர் ஒட்டுவது போல மைதா காய்ச்சினேன். இரண்டே மாதத்தில் ராமபாணப் பூச்சி மாமூத்தின் வயிற்றைச் சுரண்டித் தின்றுவிட்டது. அடுத்து வெள்ளைப் பசை. அதிலிருக்கும் தண்ணீரைக் குடித்து அட்டை அப்பளம் மாதிரி வளைந்தது. கடைசியில் நின்றது பள்ளிப் பிள்ளைகளின் க்ளூ ஸ்டிக். ஒட்டி, ராத்திரி முழுக்கக் கேரம் போர்டுக்கு அடியில் வைத்தால் தகடு மாதிரி நிற்கிறது. லேமினேஷன் வேண்டாம். டியூப்லைட்டில் பளபளக்கும், வெட்டிய ஓரத்தில் உரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்ணீர் உள்ளே வரவில்லை, ஆனால் மூன்று நாள் கரண்ட் இல்லை, சுவரெல்லாம் ஈரம். டப்பாவைத் திறந்தால், வீட்டு இங்க்ஜெட்டில் அடித்த டி-ரெக்ஸின் சிவப்பு வாய் கழுத்து வரை வழிந்திருந்தது. ஜெராக்ஸ் கடையில் லேசரில் அடித்தவற்றைத் துணியால் துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு இங்க்ஜெட்டுக்குக் கும்பிடு. ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் இப்போது தூக்கிப் போடுவதில்லை.

அடித்தட்டுக்கு உடைந்த செட்டிலிருந்து கேரம் காய்கள். வடசென்னையில் அதற்கா பஞ்சம்! ஆக்ஸா பிளேடால் பள்ளம் அறுத்தால் அட்டை கச்சிதமாக உட்காரும். காய் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, வழக்கமான ஒரு அங்குலக் கட்டத்தில் அடங்காது. கட்டத்தை மூன்றரை சென்டிமீட்டராகப் போட்டுக்கொண்டேன்.

அளவில்தான் வம்பு. மேஜை மேல் மனிதன் 28 மில்லிமீட்டர் உயரம் என்றால் நிஜ அளவில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் உயர மாமூத் 5 சென்டிமீட்டர் வரும், பார்க்க லட்சணம். வெலாசிராப்டர் என்ற டைனோசரோ நிஜத்தில் வான்கோழி அளவுதான். இடுப்பு உயரம் 8 மில்லிமீட்டர் வந்தது.

“இன்னா மாமா, பல்லி மாரி கீது?”

இரண்டு மடங்காக்கிக் கொடுத்தேன். சரி, டைனோசரும் மாமூத்தும் ஒரே மேஜையில் மோதுவதே ஆறு கோடி வருஷத் தப்பு, இதில் சென்டிமீட்டருக்கு என்ன மரியாதை? நர்மதைக் கரையில் எலும்பு கிடைத்து 2003இல் பெயர் வைக்கப்பட்ட ராஜாசாரஸ் டைனோசரை மட்டும் சரியான அளவில் வைத்திருக்கிறேன். நம்மூர் மிருகம்.

தீராத குறை ஒன்று உண்டு. 12 மீட்டர் டி-ரெக்ஸ் இந்த அளவில் 20 சென்டிமீட்டர் நீளம். காலுக்கு ஒரு காய் வைத்தும், ஃபேன் மூன்றில் ஓடினால் சாய்ந்துவிடுகிறது. ஃபேனை நிறுத்தினால் மே மாதத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பையனே ஒரு விதி போட்டுவிட்டான்: காற்றில் விழுந்தால் அது தூங்குகிறது, ஒரு சுற்று ஆட்டம் கிடையாது.