யுவி பிளாட்பெட் பிரிண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு: ஸ்டிக்கரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் ஃபிளெக்ஸ் கடை, போர்டு கடை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். யுவி பிளாட்பெட் மெஷின் (டைல்ஸ், கண்ணாடி மாதிரித் தட்டையான பொருள் மேல் நேராக அச்சடித்து, புற ஊதா ஒளியில் இங்க்கை உடனே காயவைக்கும் பிரிண்டர்) விற்க இப்போது கடை கடையாக ஆள் வருகிறார்கள். எங்கள் கடைக்கும் வந்தார்கள். "அண்ணாச்சி, சைனா மெஷின் பக்கமே போகாதீங்க, நம்மது ஜப்பான் டெக்னாலஜி" என்றுதான் பேச்சே ஆரம்பித்தது. வாயால் சொன்னது ரிக்கோ ஜென்5 ஹெட் (ஹெட் என்றால் இங்க்கைத் தெளிக்கும் பாகம், இது தொழிற்சாலை வேலைக்கென்று செய்த மாடல்). கொட்டேஷனில் 'ஜப்பான் இண்டஸ்ட்ரியல் ஹெட்' என்று மட்டும் இருந்தது, மாடல் பெயர் இல்லை. வங்கிக் கடன் போட்டு 8 லட்சத்துக்கு மேல் கட்டி மெஷினை இறக்கினோம்.

ஆரம்பத்தில் ஓடியது. டைல்ஸில் மாதா படம், கண்ணாடியில் கல்யாணப் போட்டோ, கன்னியாகுமரிக் கடைகளுக்கு அக்ரிலிக்கில் வள்ளுவர் சிலை என்று வேலை வந்துகொண்டே இருந்தது. அப்புறம் வெள்ளை இங்க் அடைக்கத் தொடங்கியது. வெள்ளையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, கனமான தூள், கலக்கிக்கொண்டே இருக்காவிட்டால் அடியில் படிந்துவிடும். மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது இன்னும் மோசம். கோட்டாறு சவேரியார் திருவிழா ஆர்டர் கையில் இருக்கும்போது பிரிண்ட் கோடு கோடாக விழுந்து, கடைசியில் வேலையை வேறு கடைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சர்வீஸுக்குக் கூப்பிட்டால், பெங்களூரிலிருந்து ஆள் வர வேண்டும், பயணச் செலவும் தங்கும் செலவும் முதலில் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினோம், ஆள் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பிதான் வந்து திறந்து பார்த்தான். மெஷினின் குறுக்குச் சட்டமான பீமில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை ஓரத்தில் நகத்தால் கிளப்பி உரித்ததும், அடியில் சீனத் தயாரிப்பாளர் பெயர் பெயின்ட்டிலேயே இருந்தது. பின்பக்கம் சீரியல் நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ரிவெட் ஓட்டைகள்தான். ஹெட்டைத் தாங்கி ஓடும் கேரேஜின் மூடியைக் கழற்றினால் ரிக்கோ இல்லை, எப்சன் எக்ஸ்பி600. அது வீட்டில் மேசை மேல் வைக்கும் போட்டோ பிரிண்டருக்காகச் செய்த ஹெட், ரிக்கோ ஜென்5 விலையில் சின்னப் பங்குதான் வரும். வெள்ளை டேங்கில் கலக்கும் மோட்டாரும் இல்லை.

சீன மெஷின் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஒருவர் செய்ததை இன்னொருவர் தன் பெயரில் விற்பது இந்தத் தொழிலில் பழைய விஷயம். ஃபுஜிஃபிலிம் அக்யுட்டி என்று விற்ற பிளாட்பெட்களில் பல, ஓசே கம்பெனியின் அரிசோனா மெஷின்கள்தான். அது தொழிலில் எல்லோருக்கும் தெரியும், விற்றவர்களே சர்வீஸுக்கும் நின்றார்கள். எங்களிடம் நடந்தது வேறு. செய்த கம்பெனியின் பெயரை மறைத்துவிட்டால் பாகத்துக்கும் இங்குக்கும் விற்றவன் காலில்தான் விழ வேண்டும். பாக்கிப் பணம் ஒன்றும் இல்லாதபோதும், நாங்கள் சண்டை போட்ட பிறகு ஒருநாள் காலையில் மெஷினை ஆன் செய்தால் ஸ்கிரீனில் பாஸ்வேர்டு கேட்டது. மெஷினை இயக்கும் சர்க்யூட் போர்டில் டைம் லாக், அதாவது குறித்த நேரத்தில் மெஷினை முடக்கும் பூட்டு, போட்டு வைத்திருந்திருக்கிறார்கள், ஆர்டரோடு நிற்கிற கடைக்காரனின் கழுத்தில் கை வைப்பதுதான் இது.

வாங்குவதாக இருந்தால் ஹெட் மாடல் பெயரையும் எண்ணிக்கையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இறக்குமதி மெஷின் என்றால் சுங்கத்தில் போட்ட பில் ஆஃப் என்ட்ரி இருக்கும், எந்த நாட்டில் செய்தது என்று அதிலேயே தெரியும், நகல் கேளுங்கள். போர்டில் லாக் இல்லை என்று லெட்டர்பேடில் கையெழுத்தோடு வாங்குங்கள். படத்தை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் ரிப் சாஃப்ட்வேரின் டாங்கிள் (அதைத் திறக்கும் யுஎஸ்பி சாவி) உங்கள் கையில் இருக்கட்டும். ஹெட்டுக்கு வாரண்டி உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள், 'ஒரு வருஷ வாரண்டி' என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் ஹெட் சேராது என்று பொடி எழுத்தில் போடுகிறார்கள்.

ஏமாந்தவர்கள் கடைக்காகத்தானே வாங்கினோம், நுகர்வோர் வழக்கு நிற்காது என்று விட்டுவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியதை வணிக நோக்கம் என்று தள்ள மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். நாங்கள் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம், உரித்த ஸ்டிக்கர், ரிவெட் ஓட்டை, ஹெட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் கடையில் இருப்பதும் இதே மாதிரி மெஷினா என்று சந்தேகம் இருந்தால் கேரேஜையும் போர்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், மெக்கானிக் தம்பியிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.