குங்குமம் மறையாத கருப்பு வெள்ளை: ஃபியூஜிஃபில்ம் அக்ரோஸ்

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி30 II கேமராவை வாங்கலாமா என்று விசாரிப்பவர்களில் பலர் அறிய விரும்புவது, அதிலுள்ள அக்ரோஸ் என்னும் கருப்பு வெள்ளை அமைப்பு பழைய பிலிம் ரோலின் சொரசொரப்பைத் தருமா என்பதைத்தான். மதுரை வெயிலிலும் சந்தை விளக்கொளியிலும் பயன்படுத்திப் பார்த்த அளவில் தரும் என்றே சொல்வேன். ஆனால் அது மெனுவில் உள்ள, துகள் சேர்க்கும் ‘கிரெயின் எஃபெக்ட்’டைக் கூட்டுவதால் கிடைப்பதன்று, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, உயர்த்துவதால் கிடைப்பது.

பிலிமில் வெள்ளி உப்புப் படிகங்கள் ஒளி பட்டு, கழுவும்போது உலோக வெள்ளியாக மாறித் துகள்களாகத் தெரிகின்றன. அதாவது படமே துகள்களால் ஆனது. எடிட்டிங் செயலிகள் பல, எல்லா இடத்திலும் ஒரே அளவில் துகளைப் பரப்புவதால் ரவையைத் தூவியதுபோல் ஆகிவிடுகிறது. 2016இல் எக்ஸ்-ப்ரோ2 கேமராவுடன் வந்த அக்ரோஸோ, ஐஎஸ்ஓவுக்கும் ஒளி நிழலுக்கும் ஏற்பத் துகளை மாற்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், இதற்குப் பெயர் தந்த நியோபான் அக்ரோஸ் 100 மிக நுண்ணிய துகளுக்குப் பெயர் பெற்ற பிலிம். நாம் தேடும் முரட்டுத்தனம், கோடாக் ட்ரை-எக்ஸ் 400 பிலிமை 1600க்குப் புஷ் செய்து, அதாவது 1600 ஐஎஸ்ஓ போல் எடுத்துக் கூடுதல் நேரம் கழுவியவர்களுடையது.

ஆகவே என் தேர்வு 3200 ஐஎஸ்ஓ, கிரெயின் ‘வீக்’, அளவு ‘ஸ்மால்’, துகள்களை மழுக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் -4. திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் உச்சிவெயில் விழும்போது இதில் ஒரு சிக்கல் உண்டு: லென்ஸ் துளையை எஃப்/8 ஆகக் குறுக்கி வைத்தாலும் ஷட்டர் வேகம் நொடியில் சுமார் 12,800இல் ஒரு பங்கு தேவைப்படும், மெக்கானிக்கல் ஷட்டரோ 4000இல் ஒரு பங்கோடு நின்றுவிடும். எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால் தூண்களுக்குக் கேடில்லை. ஆனால் அது படத்தை வரிவரியாகப் பதிவதால், தெருவில் விரைந்தோடும் பேருந்து சாய்ந்து தெரியும்.

அக்ரோஸோடு மெனுவில் தேர்ந்தெடுக்கும் மஞ்சள், சிவப்பு, பச்சை ஃபில்டர்களில்தான் நம் ஊருக்கான கவனம் வேண்டும். சிவப்பு, வானத்தைக் கருக்கி யானைமலையை எடுப்பாகக் காட்டும். அதே ஃபில்டரோடு மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குப் போனால், பூக்கார அம்மாவின் நெற்றிக் குங்குமம் வெளிறி, மாநிறத்து முகமும் பொலிவிழந்து வெளுத்துவிடும். பச்சையில் குங்குமம் கருப்பாக நிற்கும், முகத்துக்கும் கனம் வரும். ஆட்களை எடுக்க நான் பச்சையையே வைக்கிறேன். மல்லிகைக் குவியல் வெறும் வெள்ளைத் திட்டாகாமல் இருக்க வெளிச்சப் பகுதியின் விவரத்தைக் காக்கும் டைனமிக் ரேஞ்ச் 400 அமைப்பு உதவுகிறது. அதற்குக் குறைந்தது 640 ஐஎஸ்ஓ வேண்டும் என்பது இங்கே தடையே இல்லை. சென்சாரின் மூலத் தரவான ரா கோப்பையும் சேர்த்துப் பதிவு செய்தால் அதில் வண்ணம் அப்படியே இருக்கும் என்பதால், ஃபில்டரைப் பிறகு கேமராவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சுருக்கப்படுவதால் துகள்கள் குழைந்துவிடுகின்றன. மேட் தாளில் பெரிதாகப் பிரிண்ட் போட்டால்தான் இதன் அருமை தெரியும்.

செகண்ட் ஹேண்டில் தேடுவோருக்கு எக்ஸ்-டி20 போதும். துகளின் அளவை மாற்றும் வசதி மட்டும் அதில் இல்லை. எக்ஸ்-டி100, எக்ஸ்-ஏ வரிசை ஆகியவற்றில் அக்ரோஸே கிடையாது என்பதால், மாடல் எண்ணைச் சரிபார்த்த பின்பே பணம் கொடுக்கவும்.