மாடல் டி-யா, மஸ்டாங்கா?

பழைய ஃபோர்டு வாங்க ஆசைப்பட்டு, இந்த இரண்டுக்கும் நடுவே தவிப்பவர்களுக்கு:

புது விலை: டி 1908-இல் சுமார் 850 டாலர், 1925-இல் 260. மஸ்டாங் 1964-இல் 2,368.

வேகம்: டி-க்கு 20 குதிரைத்திறன், மணிக்கு 65-70 கி.மீ. வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் கொண்ட மஸ்டாங் நெடுஞ்சாலையில் இன்றும் ஈடுகொடுக்கும்.

ஓட்டுவது: மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். டி-யில் இடது மிதி கியருக்கு, நடு மிதி பின்னால் போக, வலது மிதி பிரேக். ஆக்சிலரேட்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே கைப்பிடியாக இருக்கும். டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் கிடையாது, அது தானாகக் கீழ்நோக்கி வழிந்துதான் போகும். டாங்கியில் பெட்ரோல் குறைந்தால் செங்குத்து மேட்டில் ரிவர்ஸில்தான் ஏறவேண்டும். அந்த எளிமை எனக்கு அவ்வளவு பிடிக்கும்! மஸ்டாங்கில் ஏறியதும் கிளம்பிவிடலாம்.

உழைப்பு: மஸ்டாங்கின் தரைத் தகட்டைத் துரு தின்னும், வாங்குமுன் குனிந்து பாருங்கள்.

அடிக்கடி வெளியே எடுக்க மஸ்டாங். ஞாயிறு காலை கிராமத்துச் சாலையில் மெதுவாகப் போய்வர டி.