மண்டபத்துக் கடை மேசையில் லினக்ஸ் மின்ட்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியோ இல்லாத கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி, ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் கீழக்கரை வரை டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பலருக்கும் இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி ராமும் கொண்ட அத்தகைய மேசைக் கணினி ஒன்றில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, விண்ணப்பம் நிரப்புதல், கடிதம் தட்டச்சு செய்தல், ஸ்கேன், அச்சு ஆகிய அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் அவர்களுடைய பிரிண்டர் எது என்று கேட்ட பிறகே பரிந்துரைப்பேன்.

லினக்ஸின் பல வகைகளுள் உபுண்டுவா, ஃபெடோராவா, டெபியனா என்று வாரக்கணக்கில் காணொளிகளைப் பார்த்துக் குழம்புவதில் பயனில்லை. மின்ட் 22, உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது; 2029 ஏப்ரல் வரை அதற்குப் புதுப்பிப்புகள் உண்டு. சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்ற மூன்று முகப்புகளில் கடைசியானதே பழைய கணினிக்கு இலகுவானது. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு என்ற பழகிய அமைப்பே இருப்பதால், கடையில் வேலை செய்யும் பையனுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றிலும் இது ஓடும். ஆனால் 2 ஜிபி ராமில் உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே மூச்சு வாங்கும். ராமை 4 ஜிபி ஆக்கி, பழைய வன்தட்டுக்குப் பதில் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் வேகம் நன்றாகவே கூடும்.

மின்டை நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய அனுகூலம். ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு பென் டிரைவைத் தயார் செய்து, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, வன்தட்டில் எதையும் தொடாமல் வைஃபை, ஒலி, ஸ்கேனர், பிரிண்டர் அனைத்தையும் சோதித்துவிடலாம். வைஃபை வரவில்லையென்றால் ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் இணையம் வந்துவிடும். அதன் பின் டிரைவர் மேனேஜர், கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களில் தேவையானதைத் தேடித் தரும்.

பிரிண்டரை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அண்மைக்கால வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவை தனி டிரைவர் இல்லாமலே இயங்குகின்றன. இணைத்த உடனே பட்டியலில் பெயர் வந்துவிடும். நம் பகுதிக் கடைகளில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் சிறிய லேசர் பிரிண்டர்களின் நிலை வேறு. அவற்றுள் சில, பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடுவதால், தயாரிப்பாளர் தரும் டிரைவர் இல்லாமல் வெறும் பெட்டியாக நிற்கும். என் கடையில் இருந்த பழைய லேசர் பிரிண்டர் இவ்வகையைச் சேர்ந்தது. அதற்கான லினக்ஸ் டிரைவர் நிறுவப்பட்டும், ஒரு பக்கம் அடித்ததும் அடுத்த பக்கம் வரிசையிலேயே நின்றது. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும் நாளில் இப்படி நடந்தால் எந்த இயங்குதளமும் வெறுத்துப்போகும். புது பிரிண்டர் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் பென் டிரைவ் சோதனையில் ஒரு பக்கம் அல்ல, பத்துப் பக்கங்களாவது அடித்துப் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் இந்தக் கடைக்குத் தன் மதிப்பைக் காட்டியது, வாடிக்கையாளர்கள் நீட்டும் பென் டிரைவ்களில்தான். கடை கடையாகச் சுற்றிவரும் அவற்றில் ஷார்ட்கட் வைரஸ் இருப்பது வழக்கம். விண்டோஸில் திறந்தால் ஓர் அம்புக்குறிச் சின்னம் மட்டுமே தெரியும், அதைச் சொடுக்கினால் கடைக் கணினிக்கும் தொற்றும். அதே பென் டிரைவை மின்டில் திறந்தால், வைரஸ் மறைத்து வைத்த கோப்புறை, பல சமயம் பெயரே இல்லாததுபோல் தோன்றும் ஒன்று, வெளிப்படையாகவே கண்ணில் படுகிறது; உள்ளே சான்றிதழ்களும் புகைப்படங்களும் அப்படியே இருக்கின்றன. விண்டோஸுக்காக எழுதப்பட்ட அந்த வைரஸ் இங்கே ஓடாது. கோப்புகளை மட்டும் நகலெடுத்து, உரியவரைக் கேட்டுப் பென் டிரைவைத் துடைத்து, அவற்றைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிடலாம். துடைக்காமல் கொடுத்தால் அடுத்த கடையில் அது வேலையைக் காட்டும்.

தமிழ்த் தட்டச்சுக்கு மட்டும் சற்று மெனக்கெட வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி நுழைந்தால் தமிழ்99, ஒலியியல் முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தட்டச்சுத் தேர்வு எழுதிய கைகளுக்குக் கடைசி முறை வரப்பிரசாதம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் முதலில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பை நிறுவிவிட்டால், ஆவணங்களைத் திறக்கும் லிப்ரே ஆஃபிஸ் மென்பொருளில் ஒழுங்காகத் திறக்கும். வரிகள் மட்டும் சில இடங்களில் நகர்ந்து நிற்கும்.

மின்தடை அடிக்கடி வரும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் புதுப்பிப்பைத் தொடங்கக் கூடாது. டைம்ஷிஃப்ட் என்ற கருவி அமைப்பின் நிலையைச் சேமித்து வைத்து, ஏதேனும் கெட்டால் பின்னோக்கி மீட்டுத் தருகிறது. ஆனால் நம் சொந்தக் கோப்புகளை அது இயல்பாகச் சேமிப்பதில்லை என்பதைப் பலரும் தாமதமாகவே அறிகிறார்கள். நிறுவல் பாதியில் உறைந்து நின்றால் உடனே லினக்ஸைத் திட்ட வேண்டாம். உப்புக்காற்றில் ராமின் தொடுமுனைகள் கறுத்திருக்கலாம். கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் பொருத்திய பின் மீண்டும் முயல்வது நல்லது.

கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸும் வடிவமைக்கும் கடைகளுக்கு இது ஒத்துவராது. ஃபோட்டோஷாப், கோரல் டிரா, பேஜ்மேக்கர் எதற்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. டேலியில் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனிகளும் கருவாட்டு வியாபாரிகளும் அந்த வேலைக்கென விண்டோஸ் கணினி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, இணையம், பென் டிரைவ் ஆகியவற்றை மின்டுக்கு மாற்றலாம். கைரேகைக் கருவி வைத்துச் சேவை நடத்துவோர், அதன் மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டா என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை இருக்கும் கணினியை மாற்ற வேண்டாம்.